இறைவன்மேல் சுமத்தும் பழி

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஆண்டெல்லாம் நெருஞ்சியும் எருக்கும் மண்டிக் கிடக்கும் நம் கல்லறைத் தோட்டங்கள் அன்று ஒருநாள் புல் செதுக்கப்பட்டு, சுண்ணாம்பு பூசப்பட்டு, செவ்வந்தி மாலையும் மெழுகுதிரியுமாகப் பொலிவு பெறுகின்றன. பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்துச் செல்ல, நாமும் செபமாலை சொல்லியவாறு பின்னே நடக்கிறோம். உதடுகள் செபிக்கும்போதே, கல்லில் பொறித்த பிறப்பு ஆண்டையும் இறப்பு ஆண்டையும் கண்கள் தாமாகக் கழித்துப் பார்க்கின்றன. எழுபத்தெட்டு. எண்பத்தொன்று. அறுபத்தாறு. திடீரென ஒரு பத்தொன்பது. நான்கு கல்லறை தள்ளி ஓர் இருபத்துமூன்று.

அந்த இளங்கல்லறைகளின் முன் மெழுகுதிரிகள் சற்று அதிகமாகவே எரிகின்றன. இறைவன் பறித்துக்கொண்ட மலர் என்று ஒரு கல்லில் எழுதியிருக்கிறது. இன்னொன்றில், இறைவன் தம்மிடம் அழைத்துக்கொண்டார் என்று. எப்படி இறந்தான் அந்தப் பிள்ளை என்று பங்கில் யாரும் யாரையும் கேட்பதில்லை; எல்லாருக்கும் தெரியும். புறவழிச்சாலை வளைவு. பாலத்து இறக்கம். விளக்கின்றி நிறுத்தப்பட்டிருந்த லாரியின் பின்புறம். கல்லில் மட்டும் அது இல்லை. கல்லில் இறைவன் இருக்கிறார்.

இறைவனா பறித்தார்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் துணியாமல் எத்தனை ஆண்டுகள் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருக்கப் போகிறோம்? சாலையில் நிகழும் சாவுகளை இறைசித்தம் என்று சொல்லும் வழக்கம் பக்தி அன்று, அது பொய்ச்சான்று. மனிதர் செய்ததை இறைவன் பேரில் எழுதிவைக்கும் பொய்ச்சான்று. பத்துக் கட்டளைகளில் ஒன்றை மீறியவரைக் காக்க நாம் இன்னொன்றை மீறுகிறோம்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்குக் குறையாது. அவர்களுள் தமிழகத்தில் மாண்டவர்கள் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்கு: 64,105. மாண்டவருள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாத இருசக்கர வண்டிக்காரர்கள். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். மனைவியர், தாய்மார், பள்ளிக்குக் கொண்டுவிடப்பட்ட பிள்ளைகள் என்று அவர்களை நாம் எண்ணிப் பார்க்கலாம். நடந்து சென்றே மாண்டவர்கள் 32,825 பேர்.

இத்தனை பேரையும் ஓராண்டில் இறைவன் அழைத்துக்கொண்டார் என்றால், ஏன் அவர் நெடுஞ்சாலை ஓரமாக மட்டும் இத்தனை பேரை அழைக்கிறார்? நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில், அதே ஆண்டின் சாவுகளில் 36 விழுக்காடு ஏன் நிகழ்ந்தது? கவசம் அணிந்தவனைவிட அணியாதவனை இறைவன் மிகுதியாக விரும்புகிறாரா? கேலியாகத் தோன்றலாம். இறைசித்தம் என்ற வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசென்றால் வந்து நிற்கும் இடம் இதுதான்.

அடக்கத் திருப்பலியில் நம் மறையுரையாளர்கள் பெரும்பாலும் எடுத்தாள்வது யோபின் நூலை. கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று யோபு சொன்னது உண்மைதான். ஆனால் அது முதல் அதிகாரம். அந்நூலுக்கு நாற்பத்திரண்டு அதிகாரங்கள் உண்டு. கடைசி அதிகாரத்தில் இறைவன் யாரைக் கடிந்துகொள்கிறார்? இறைவனுக்காக வழக்குரைஞர்களாக நின்று, யோபின் துன்பத்துக்கு ஆயிரம் விளக்கம் சொன்ன அந்த நண்பர்களைத்தான். தம் பொருட்டுப் பொய் பேசும் வழக்குரைஞர்கள் இறைவனுக்குத் தேவைப்படவில்லை.

நம் ஆண்டவரும் ஒரு விபத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. மாண்டவர்கள் மற்ற எருசலேம் மக்களைவிடப் பெரிய பாவிகளோ என்ற எண்ணத்தை அவர் வன்மையாக மறுக்கிறார். அவர்கள் காலம் முடிந்தது என்றோ, தந்தை அவர்களை அழைத்துக்கொண்டார் என்றோ அவர் சொல்லவில்லை. மாறாக, உயிரோடிருப்பவர்களை நோக்கித் திரும்பி, நீங்கள் மனம் மாறாவிட்டால் அழிவீர்கள் என்று எச்சரிக்கிறார். சாவு வீட்டில் நின்றுகொண்டு நாம் செய்வதற்கு நேர் எதிரான செயல் இது. நாம் இறந்தவரைப் பற்றி விளக்கம் சொல்லி, உயிரோடிருப்பவரை ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

பழைய ஏற்பாடு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எவராவது அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம். விழுந்தவனின் விதி என்று மோசே சொல்லவில்லை. சுவர் எங்கே என்று கேட்கிறார். விடுதலைப்பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. மாடு முதல்முறை முட்டிக் கொன்றால் உரிமையாளனுக்குத் தண்டனையில்லை. ஆனால் அது முட்டும் மாடென்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காமல் விட்டு, அது ஆளைக் கொன்றால், உரிமையாளன் கொலைப்பழிக்கு ஆளாகிறான். முன்பே தெரிந்திருந்தும் தடுக்காதது விபத்தாகாது என்பது மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மேய்ச்சல் சமூகத்துக்கே விளங்கியிருக்கிறது. எந்த வளைவில் ஆண்டுதோறும் பிணம் விழுகிறது என்று ஊருக்குத் தெரியும், காவல்நிலையத்துக்குத் தெரியும், நெடுஞ்சாலைத் துறைக்கும் தெரியும். அது முட்டும் மாடு.

விபத்து என்ற சொல்லையே ஐயுறத் தொடங்கியவர்கள் உலகில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரிஜிட் சௌத்ரி என்ற தாய், சிவப்பு விளக்கை மதியாமல் வந்த வாகனத்தால் 1990இல் தம் மகனை இழந்தார். அச்சாவை அரசும் நீதிமன்றமும் எவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டன என்பதைக் கண்டு கொதித்து, 1992இல் ரோடுபீஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பு 1993இல் தொடங்கிய நினைவு நாளே பின்னர் 2005 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையின் ஏற்பைப் பெற்று, நவம்பர் மாத மூன்றாம் ஞாயிறன்று உலகெங்கும் நினைக்கப்படுகிறது. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001இல், விபத்து என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் இனிப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. தடுத்திருக்கக்கூடியதை அச்சொல் தற்செயலாக்கிவிடுகிறது என்பதே காரணம். மருத்துவர்கள் ஒரு சொல்லைக் கைவிட்டார்கள். நாமோ அந்தச் சொல்லும் போதாதென்று இறைவனையும் சேர்த்துக்கொண்டோம்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு! நம் ஆன்மாக்கள் மாதத்தின் நடுவிலேயே அந்நாள் வருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக வறியோர் நாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட 2017 நவம்பர் 19உம் அதே மூன்றாம் ஞாயிறுதான். பிந்திய ஆண்டுகளிலும் இரண்டும் பலமுறை ஒரே நாளில் சேர்ந்து வந்திருக்கின்றன. பொருத்தமே. சாலையில் மாள்கிறவர் பெரும்பாலும் யார்? காரில் செல்கிறவரைக் காற்றுப்பையும் இரும்புக் கூடும் ஓரளவு காக்கின்றன. காலை நான்கு மணிக்குப் பூச்சந்தைக்கு மிதிவண்டியில் செல்கிறவரை எது காக்கிறது? நான்குவழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டது. கோவில் ஒருபக்கம், தெரு மறுபக்கம். முதல் பூசைக்கு வரும் மூதாட்டி நடுத்தடுப்பின் இடைவெளியில் முட்டாக்கைப் பற்றிக்கொண்டு, பாய்ந்து வரும் விளக்குகளைப் பார்த்து நிற்கிறார். அவர் அடிபட்டால் முதல் தகவல் அறிக்கை என்ன சொல்லும்? கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தார் என்று. காவல்துறையின் புள்ளிவிவரங்கள் பெரும்பாலானவற்றை அதிவேகம் என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன. வேகம் கொல்கிறது என்பதில் ஐயமில்லை. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது பள்ளிப் பாடம். ஆனால் கடக்க வழியில்லாத சாலையைப் போட்டவர் எந்தத் தலைப்பின்கீழும் வருவதில்லை.

அரசைச் சொல்லிவிட்டால் நம் கை கழுவப்பட்டதாகாது. பிலாத்துவும் கை கழுவியவன்தான்.

புதுவண்டி வாங்கியதும் அதை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவருகிறோம். அருட்தந்தை மந்திரிக்கிறார், தீர்த்தம் தெளிக்கிறார், கைப்பிடியில் செபமாலையும் முன்கண்ணாடியில் புனித கிறிஸ்தோபரின் படமும் ஏறுகின்றன. (அவருடைய திருநாள் 1969இல் பொதுத் திருவழிபாட்டு நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டதே அன்றி, புனிதர் பட்டம் பறிக்கப்படவில்லை, ஓட்டுநர்கள் அஞ்சவேண்டாம்.) மந்திரிப்பது நல்ல வழக்கம், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டியை ஓட்டி வந்த பிள்ளைக்கு வயது பதினாறு. அதை அப்பனும் அறிவார், அம்மாவும் அறிவார், ஞானப்பெற்றோரும் அறிவார்கள், தீர்த்தம் தெளித்தவரும் ஊகிக்க முடியாதவர் அல்லர். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த குற்றவாளியை நம் ஆலய முற்றம் வாழ்த்தி அனுப்புகிறது.

கவசத்தை வண்டியின் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, கழுத்தில் உத்தரியம் இருக்கிறது, மாதா காப்பாள் என்று சொல்லும் இளைஞனிடம் நாம் என்ன சொல்கிறோம்? அவன் நம்பிக்கையை மெச்சுகிறோம். ஆண்டவரைத் திருக்கோவில் உச்சியில் நிறுத்திய சாத்தானும் இறைவார்த்தையையே மேற்கோள் காட்டினான். குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். ஆண்டவர் குதிக்கவில்லை. தூதர்கள் தாங்கமாட்டார்கள் என்பதற்காக அன்று. இறைவனைச் சோதிப்பது பாவம் என்பதற்காக.

அடுத்தது மது. 2003 முதல் நம் மாநிலத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம். தமிழகத்து வழக்கறிஞர் க. பாலு முன்னின்ற வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் கதி என்ன? சிற்றூர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று 2017 மார்ச்சில் தளர்ந்தது. நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்று அதே ஆண்டு ஜூலையில் மேலும் தளர்ந்தது. இதைக் கண்டித்து நம் மேடைகளில் முழங்குகிறோம், சரி. ஆனால் நம் திருமண வீடுகளில், புதுநன்மை விருந்துகளில், ஏன் முப்பதாம் நாள் நினைவு விருந்திலும்கூட, பின்கட்டில் புட்டி உடைபடுகிறது. உடைத்தவர்களே இரவில் வண்டியை எடுக்கிறார்கள். பார்த்துப் போங்கள் என்று வாசலில் நின்று கையசைக்கிறோம். சாவியை வாங்கி வைத்துக்கொண்ட வீட்டுக்காரர் எத்தனை பேர்?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இதில் மழுப்பவே இல்லை. குடிவெறியாலோ வேக வெறியாலோ சாலையில் தம் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் கனமான குற்றம் புரிகின்றனர் என்று 2290ஆம் எண்ணில் ஐந்தாம் கட்டளையின்கீழ் போதிக்கிறது. யாரேனும் சாகவேண்டும் என்பதுகூட அங்கே நிபந்தனையன்று; ஆபத்துக்குள்ளாக்கியதே குற்றம். 2007 ஜூன் 19 அன்று, குடிபெயர்வோர் பணிக்காக அப்போதிருந்த திருப்பீட அவை, சாலை மேய்ப்புப்பணிக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, அதில் ஓட்டுநர்களுக்கென்றே பத்துக் கட்டளைகளை அளித்தது. உலகப் பத்திரிகைகள் சில அதைச் சிரித்துக்கொண்டே எழுதின. நம் பங்குகள் சிரிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் நம் கையில் கொடுக்கப்படும் ஆன்ம சோதனைக் கேள்விகளை எடுத்துப் பாருங்கள். ஆறாம் கட்டளைக்குக் கீழே நீண்ட பட்டியல் இருக்கும். ஞாயிறு பூசை தவறியதா, பெற்றோரை எதிர்த்துப் பேசியதா என்றெல்லாம் இருக்கும். ஐந்தாம் கட்டளைக்குக் கீழே கொலை, கருக்கலைப்பு, பகை. குடித்துவிட்டு வண்டி ஓட்டினாயா, பிள்ளை கையில் சாவியைக் கொடுத்தாயா, அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனாயா என்ற கேள்விகள் நாம் பார்த்தவரை எதிலும் இல்லை. கேட்கப்படாததை யார் அறிக்கையிடுவார்?

விலகிப் போவதைப் பற்றி ஒரு சொல். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையில் நிகழ்ந்த கதையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் அடிபட்டவனைத் தொட்டால் காவல்நிலையம், நீதிமன்றம் என்று இழுப்பார்களே என்ற அச்சம் நம்மை அந்தக் குருவாகவும் லேவியனாகவும் ஆக்கிற்று. அந்த அச்சத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிகளுக்கு உச்சநீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று வலுவளித்தது. 2019 திருத்தத்தால் சட்டத்திலேயே 134அ பிரிவாக அது இடம்பெற்றது. உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்கிறது. நல்ல சமாரியன் தன் பணப்பையிலிருந்து இரண்டு தெனாரியம் எடுத்துச் சத்திரக்காரனிடம் கொடுத்தான். நமக்கு அந்தச் செலவும் இல்லை. பின் ஏன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்?

இனி, நாம் எதிர்பார்க்கும் மறுப்புக்கு வருவோம். மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய் உன் மகன் கவசம் அணியாததால் செத்தான் என்று சொல்வதா, இறைசித்தம் என்ற ஆறுதலையும் பிடுங்குவதா என்று கேட்பார்கள். சவப்பெட்டியின் முன் சட்டம் பேசும்படி எவரையும் நாம் கேட்கவில்லை. அங்கே மௌனமும் கண்ணீருமே போதும். பெத்தானியாவில் இலாசரின் கல்லறை முன் ஆண்டவர் விளக்கம் சொல்லுமுன் அழுதார். ஆனால் இறைசித்தம் என்பது உண்மையில் ஆறுதலா? எம் பங்கிலுள்ள தாய் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. காலைப் பூசைக்கு மிதிவண்டியில் வந்த அவர் கணவரை ஒரு வாகனம் அடித்துவிட்டு நில்லாமல் போயிற்று. "எல்லாரும் வந்து ஆண்டவர் சித்தம், ஆண்டவர் சித்தம்னு சொன்னாங்க. அப்படின்னா நான் யார்கிட்டய்யா முறையிடுறது? அவர்கிட்டத்தானே இத்தனை நாளா முறையிட்டுக்கிட்டு இருந்தேன்?" என்றார். அந்த அம்மாவிடம் ஆறுதலைப் பிடுங்கியவர்கள் நாமே.

மன்னிப்பையும் பிடுங்கினோம். 2007ஆம் ஆண்டு வழிகாட்டியின் எட்டாம் கட்டளை, தவறிழைத்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும் தக்க நேரத்தில் சந்திக்கச் செய்து மன்னிப்பின் விடுதலையை உணரச் செய்யவேண்டும் என்கிறது. எல்லாம் இறைசித்தம் என்றால் மன்னிக்க என்ன இருக்கிறது, யாரை மன்னிப்பது? குற்றம் மனிதனுடையது என்று சொன்னால்தான் அந்த மனிதன் மண்டியிட முடியும். நம் பங்குகளில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் மட்டும் இல்லை, கொன்றவர்களும் இருக்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள், பேருந்து ஓட்டுநர்கள், பதினெட்டு மணி நேரம் உறங்காமல் ஓட்டும்படி முதலாளி ஏவிய பிள்ளைகள். அவர்களும் நம்மோடு நற்கருணை வரிசையில் நிற்கிறார்கள். இறைவன்மேல் பழியைப் போட்டு அவர்களைத் தப்பவைத்ததாக நினைக்கிறோம்; அவர்களோ இரவில் உறக்கமின்றி, யாரிடமும் சொல்லமுடியாமல் வாழ்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு வேறொன்றையும் நாம் செய்யவில்லை. மோதிவிட்டு ஓடிய வாகனம் இன்னதென்று தெரியாத நேர்வில் அரசு ஏற்படுத்திய இழப்பீட்டுத் திட்டம் உண்டு. 25,000 ரூபாயாக இருந்த அத்தொகை 2022 ஏப்ரல் 1 முதல் சாவுக்கு இரண்டு லட்சமாகவும், கொடுங்காயத்துக்கு 50,000 ஆகவும் உயர்ந்தது. வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்கவேண்டும். பங்கில் வழக்குரைஞர்கள் இருந்தார்கள், ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவரும் இருந்தார். ஏழாம் நாள் பூசைக்கும் முப்பதாம் நாள் பூசைக்கும் வந்து, கஞ்சி குடித்துவிட்டுப் போனோம். அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

வருகிற நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று பங்குகளில் என்ன செய்யலாம் என்று சிலர் கேட்கிறார்கள். மெழுகுதிரி ஊர்வலம் என்கிறார் ஒருவர், இளைஞர் பேரணி என்கிறார் மற்றொருவர். நடக்கட்டும். நாம் கேட்பது அதைவிடச் சிறியது. பங்கு அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இறந்தோர் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர், பெற்றோர், வயது, அடக்கம் செய்த நாள் ஆகியவற்றோடு இறப்பின் காரணம் என்று ஒரு பத்தியும் உண்டு. முதியோருக்கு அதில் நோயின் பெயர் எழுதியிருக்கும். இளையோரில் பலருக்கு, விபத்து என்ற ஒரு சொல். சிலருக்கு அதுவும் இன்றிக் கோடு. அப்பதிவேட்டை எடுத்து, அந்தக் குடும்பங்களின் வீட்டுக்கு அன்பியப் பொறுப்பாளர்கள் சென்று, எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எப்படி என்று கேட்டறியட்டும். அவர்கள் இசைந்தால், அந்த ஞாயிறு மன்றாட்டில் பெயரோடு அதையும் வாசிக்கட்டும்: இன்னார், வயது பத்தொன்பது, புறவழிச்சாலை வளைவு, விளக்கில்லாமல் நின்ற லாரி. பூசை முடிந்ததும் அந்த இடங்களின் பட்டியலைப் பங்குப்பேரவைச் செயலர் கையொப்பமிட்டு நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பட்டும். நகல் ஒன்றை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். காலைப் பூசைக்கு வந்துகொண்டிருந்த அந்த மிதிவண்டிக்காரரின் பெயருக்கு நேரே எம் பங்குப் பதிவேட்டில் இன்றும் ஒரு கோடுதான் இருக்கிறது.